அக்கரைப் பள்ளிக்கு அன்பளிப்பு: வாசகர் கேள்வி - பதில்

வெளிநாட்டுப் பள்ளியோடு இணைப்பு வைத்திருக்கும் டெல்டா பள்ளிகளிலிருந்து வந்த கடிதங்களுக்கான பதில்கள் இவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். வரி, அந்நியச் செலாவணி விதிகள் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறுபவை. பணம் கட்டப் போகும் நாளில் வங்கியிலும் ஆடிட்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

இலங்கையில் மட்டக்களப்பு மாவட்டத்துப் பள்ளி ஒன்றோடு காணொளி வகுப்பு நடத்தி வருகிறோம். அவர்களுடைய அறிவியல் கூடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் திரட்டித் தர ஆசை. பெற்றோர் ஆசிரியர் கழகக் கணக்கில் வசூலித்து அங்கிருந்தே அனுப்பிவிடலாமா?
- தலைமையாசிரியர், அரசு உதவிபெறும் பள்ளி, நீடாமங்கலம் வட்டம்

வசூலைத் தொடங்கும் முன்பே கேட்டீர்களே, பாதி வேலை முடிந்தது. பெரும்பாலானவர்கள் பணத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு, வங்கி மறுத்த பிறகுதான் எழுதுகிறார்கள்.

இந்தியாவிலிருந்து வெளிநாட்டுக்கு நன்கொடை அனுப்ப ரிசர்வ் வங்கி திறந்து வைத்திருக்கும் எளிய வழி, தாராளமயப் பணம் அனுப்பும் திட்டம். வங்கியில் 'எல்.ஆர்.எஸ்.' என்றால் புரியும். ஒரு நிதியாண்டுக்கு ஆளுக்கு 2,50,000 அமெரிக்க டாலர் வரை அனுப்பலாம். உங்கள் தேவைக்கு அந்த உச்சவரம்பு பொருட்டே இல்லை. சிக்கல் வேறு இடத்தில்: இந்தத் திட்டம் தனிநபருக்கு மட்டும்தான். சங்கம், அறக்கட்டளை, பள்ளி நிர்வாகம் எதுவும் இதில் வராது. பள்ளியை நடத்துவது வரிவிலக்குப் பெற்ற அறக்கட்டளை என்றால் இன்னொரு முடிச்சும் உண்டு. அதன் வருமானம் இந்தியாவுக்குள் செலவாக வேண்டும் என்பதே பொது விதி. நேரடி வரிகள் வாரியத்தின் தனி அனுமதி இல்லாமல் வெளிநாட்டில் செலவிட்ட தொகைக்கு வரிவிலக்கு கிடைக்காது.

'அப்படியானால் பொருளாளர் பெயரில் வசூலித்து அவர் அனுப்பட்டும்' என்று அடுத்த யோசனை வரும். அதுவும் வேண்டாம். உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒருவர் கணக்கில் ஆண்டுக்கு 50,000 ரூபாய்க்கு மேல் வந்து சேர்ந்தால், மொத்தத் தொகையும் அவருடைய வருமானமாகக் கணக்கிடப்படும். போதாக்குறைக்கு, எல்.ஆர்.எஸ்.ஸில் அனுப்புவது தன் சொந்தப் பணம் என்று அவர் கையெழுத்திட வேண்டும். ஊர்ப் பணத்தை வைத்துக்கொண்டு அந்தக் கையெழுத்தை யார் போடுவது?

நடைமுறையில் நிற்கும் வழி, பணத்தை இரண்டாகப் பிரிப்பது. அக்கரைக்குப் போக வேண்டிய ரொக்கத்தை நான்கைந்து பேர் (முன்னாள் மாணவர், வசதியுள்ள பெற்றோர்) தங்கள் சொந்தக் கணக்கிலிருந்து நேரே அனுப்பட்டும். மாணவர்கள் சிறுகச் சிறுகத் திரட்டும் தொகை இங்கேயே செலவாகட்டும்: காணொளி வகுப்புக்கான கேமரா, இணையக் கட்டணம், தமிழ்க் கதைப் புத்தகம் வாங்குவது, அச்சுச் செலவு, தபால் செலவு. வசூல் அட்டையிலேயே எந்தப் பணம் எதற்கு என்று அச்சிட்டுவிடுங்கள். 'இலங்கைப் பள்ளிக்கு' என்று வாங்கிவிட்டு இங்கே கேமரா வாங்கினால் நாளைக்கு ஊரில் தலை காட்ட முடியாது.

அனுப்புபவர் செய்ய வேண்டியது: பான் அட்டையோடு, தன் கணக்கு இருக்கும் வங்கியில் ஏ-2 படிவம் நிரப்ப வேண்டும். சின்ன ஊர்க் கிளையில் அந்நியச் செலாவணிப் பிரிவு இருக்காது. அவர்கள் திருச்சிக்கோ வேறு பெரிய கிளைக்கோ அனுப்புவார்கள், இரண்டு மூன்று வேலை நாள் பிடிக்கும். படிவத்தில் நோக்கக் குறியீடு கேட்பார்கள். வெளிநாட்டு அறநிறுவனத்துக்கு நன்கொடை என்றால் எஸ்1303, அரசோ அரசு அமைத்த நிறுவனமோ என்றால் எஸ்1304. சொந்த அன்பளிப்புக்கான எஸ்1302-ஐப் பழக்கத்தில் போட்டுவிடுவார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். நோக்கத்துக்குச் சான்றாக எதிர்ப் பள்ளியின் கடிதம் ஒன்று கைவசம் இருக்கட்டும். அதில் பள்ளியின் பெயர், முகவரி, எதற்காகப் பணம், எந்தக் கணக்கு என்ற நான்கும் இருந்தால் போதும்.

இலங்கை அரசுப் பள்ளிகளில் இந்த மாதிரிப் பணத்தை வாங்குவது பாடசாலை அபிவிருத்திச் சங்கம். அதிபர்தான் (தலைமையாசிரியரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) அதன் தலைவர். அதிபரின் சொந்தக் கணக்குக்கு அனுப்பாதீர்கள். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், நாளை இடமாற்றம் வந்தால் கணக்குச் சொல்லத் திணறப் போவது அவர்தான். சங்கத்தின் பெயரை வங்கிப் புத்தகத்தில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து வாங்குங்கள், புத்தகத்தின் முதல் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பணம் திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் காரணம் இந்தப் பெயர்தான். ஏ-2-வில் பள்ளிப் பெயர், அங்கே கணக்கு சங்கத்தின் பெயரில். வங்கி நிறுத்தி வைத்து, பத்துப் பதினைந்து நாள் கழித்துக் கட்டணம் கழித்துக்கொண்டு திருப்பி அனுப்பும்.

செலவைக் கணக்கிடுவோம். பணமாற்றத்துக்கு ஜி.எஸ்.டி. உண்டு. ஒரு லட்சம் வரையிலான தொகையில் 1 சதவீதத்தை (குறைந்தது 250 ரூபாய்) சேவை மதிப்பாக எடுத்துக்கொண்டு, அதன்மேல் 18 சதவீதம். ஒரே ஆள் ஒரு லட்சம் அனுப்பினால் 180 ரூபாய். நான்கு பேர் 25,000 வீதம் அனுப்பினால் ஆளுக்கு 45, மொத்தம் அதே 180. ஆனால் வங்கியின் அனுப்பு கட்டணம் நான்கு தடவை விழும். நடுவில் இருக்கும் வங்கியும் தன் பங்கைப் பிடிக்கும். முழுத் தொகையும் போய்ச் சேர வேண்டுமென்றால் 'கட்டணம் எல்லாம் அனுப்புபவருக்கே' என்ற கட்டத்தை டிக் செய்யுங்கள். ஆண்டுக்கு 10 லட்சத்துக்கு மேல் போனால்தான் 20 சதவீதம் டி.சி.எஸ். (வங்கி முன்கூட்டியே வசூலிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள், உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. 80ஜி என்று நாம் பழகிய வரிச்சலுகை வெளிநாட்டுப் பள்ளிக்குக் கொடுத்த பணத்துக்குக் கிடைக்காது. இதை நன்கொடையாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கடைசி நேரத்தில் ரசீது கேட்டுப் பிணங்குவது இதற்காகத்தான்.

உங்கள் முன்னாள் மாணவர்கள் சிங்கப்பூரில் இருந்தால் அவர்கள் தங்கள் கைப்பணத்தை அங்கிருந்தே அனுப்புவது இன்னும் சுலபம். ஆனால் சிங்கப்பூரில் வெளிநாட்டு அறப்பணிக்காகப் பொதுமக்களிடம் வசூல் செய்ய அறநிறுவன ஆணையரின் அனுமதி தேவை. உண்டியல் தூக்க வேண்டாம் என்று எழுதிவிடுங்கள்.

டிக்கெட் 50 ரூபாய், முதல் பரிசு பித்தளைக் குத்துவிளக்கு என்று குலுக்கல் நடத்தலாமா? ஆயிரம் டிக்கெட் ஒரே வாரத்தில் விற்றுவிடும்.
- பெற்றோர் ஆசிரியர் கழகச் செயலாளர், கும்பகோணம்

விற்றுவிடும், சந்தேகமில்லை. அதனால்தான் வேண்டாம் என்கிறோம். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை. பரிசுத் திட்டங்களைத் தடுக்க 1979-லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு சீட்டுக் கொடுத்து, குலுக்கிப் பரிசு தந்தால், நோக்கம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சிக்கல்தான். குத்துவிளக்கை ஏலம் விடுங்கள். ஏலத்தில் அதிர்ஷ்டத்துக்கு வேலையில்லை. உங்கள் ஊரில் அந்த விளக்கின் எடையும் விலையும் எல்லாருக்கும் தெரியும், கோயில் ஏலத்தைப் பார்த்து வளர்ந்த கூட்டம் வேறு. அடக்க விலையிலிருந்து ஏலத்தை ஆரம்பித்தால் நஷ்டம் வராது.

பள்ளி ஆண்டு விழாவில் சுண்டல், மோர்க் கடை போட்டு நிதி திரட்ட இருக்கிறோம். 400 பேர் வருவார்கள். எவ்வளவு சமைப்பது? கீற்றுப் பந்தல் போடலாமா?
- ஒரு தாய், திருவையாறு

பந்தலை முதலில் முடித்துவிடுவோம். கீற்று வேண்டாம், துணிப் பந்தலுக்கு அடியிலும் அடுப்பு வேண்டாம். 2004 ஜூலை 16-ல் கும்பகோணத்தில் சமையலறைத் தீ கூரைக் கீற்றில் பிடித்து 94 குழந்தைகள் போனார்கள். அதன் பிறகுதான் பள்ளிகளில் கீற்றுக் கொட்டகைகள் கழற்றப்பட்டன. சமையலை வீட்டிலோ வெளியிலோ முடித்துக்கொண்டு வந்து, பள்ளியில் பரிமாறுவது மட்டும் நடக்கட்டும். சத்துணவுக் கூடத்தின் கேஸ், பாத்திரம், மளிகை எதிலும் கை வைக்கக் கூடாது.

அளவு: வருகிறவர்களில் பாதிப்பேர் ஒரு பண்டத்தை வாங்குவார்கள் என்று வையுங்கள். 200 கப், கப்புக்கு 100 கிராம் என்றால் வெந்த சுண்டல் 20 கிலோ வேண்டும். கொண்டைக்கடலை ஒரு கிலோ வெந்தால் இரண்டே கால் கிலோ அளவுக்கு வரும். ஆக, 9 கிலோ கடலை. முந்தின இரவே எட்டு முதல் பத்து மணி நேரம் ஊற வேண்டும். மாசி, பங்குனி வெக்கையில் ஒரே தண்ணீரில் விட்டால் விடியும்போது நுரைத்து வாடை வந்துவிடும், படுக்கப் போகும் முன் ஒரு தடவை தண்ணீரை மாற்றிவிடுங்கள். உப்பைக் கடலை வெந்த பிறகு போடுங்கள்.

சுண்டல் கெடுவதைவிடச் சுண்டலில் போட்ட தேங்காய்தான் முந்திக் கெடும். மொத்தத்துக்கும் ஒரேயடியாகத் துருவிக் கொட்டாமல், தாளித்த கடலையைத் தனியாகவும் தேங்காய், மாங்காயைத் தனியாகவும் கொண்டுபோய், நாலு கிலோ நாலு கிலோவாகக் கலந்து விற்றுக்கொண்டே வாருங்கள். கலந்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

மோருக்கு 200 கப், கப்புக்கு 200 மில்லி என்றால் 40 லிட்டர். 10 லிட்டர் தயிர், 30 லிட்டர் தண்ணீர், 200 கிராம் உப்பு, இஞ்சி, பச்சைமிளகாய், கறிவேப்பிலை. தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக்கொள்ளுங்கள், இல்லையேல் கேன் தண்ணீர். வயிற்றுக்கு வில்லங்கம் செய்வது பெரும்பாலும் மோர் இல்லை, அதில் போடும் ஐஸ். மீனுக்குப் போடும் கட்டி ஐஸ் குடிக்கிற தண்ணீரில் செய்ததாக இருக்காது. ஐஸை மோருக்குள் போடாமல், பானையை ஐஸ் நிரப்பிய அண்டாவுக்குள் இறக்கி வைத்தால் வேலை முடிந்தது.

விலை: கடலை கிலோ 100 ரூபாய் என்றால் 900, தேங்காய் 300, எண்ணெய், மாங்காய், தாளிப்பு 200, கேஸ் 200, கப் 200. மொத்தம் 1,800, ஒரு கப்புக்கு அடக்கம் 9 ரூபாய். 15-க்கு விற்றால் 3,000 வரும், 1,200 மிஞ்சும். உங்கள் கடைத்தெரு விலையைப் போட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். பெற்றோர் யாராவது கடலையை இலவசமாகக் கொடுத்தால் அதையும் 'பொருள் நன்கொடை, 900 ரூபாய்' என்று வரவில் எழுதி, செலவிலும் எழுதுங்கள். எழுதாமல் விட்டால் அடுத்த வருடம் இந்த லாபத்தை நம்பித் திட்டம் போடுபவர் ஏமாறுவார்.

கடையில் காசு வாங்காதீர்கள். நுழைவாயிலில் ஒரே மேஜையில் எண் போட்ட கூப்பன், சுண்டலுக்கு ஒரு நிறம், மோருக்கு ஒரு நிறம். கடையில் பிள்ளைகள் கூப்பனைக் கிழித்துப் பெட்டியில் போட வேண்டும், அவ்வளவுதான். சாயங்காலம் கிழிந்த கூப்பனும் மேஜைக் கணக்கும் பொருந்த வேண்டும். ஒன்றிரண்டு வித்தியாசம் வந்தால் அப்படியே எழுதி வையுங்கள், கையிலிருந்து போட்டுச் சரிக்கட்ட வேண்டாம்.

எங்கள் ஊரில் ரொக்கம் கேட்டால் தயங்குவார்கள், நெல் கேட்டால் தாராளமாகக் கொடுப்பார்கள். வீட்டுக்கு ஒரு மரக்கால் வாங்கி விற்றால் என்ன?
- விவசாயி, ஒரத்தநாடு வட்டம்

நெல்லாகக் கொடுப்பது நம் பக்கத்துப் பழக்கம்தான். ஆனால் பள்ளி அந்த நெல்லை நேரடிக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோக முடியாது. அங்கே சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம் வைத்துச் சாகுபடி செய்தவர் பெயரில்தான் எடுப்பார்கள். வீடு வீடாக வாங்கிய நெல்லில் இன்னொரு தொல்லையும் இருக்கிறது. ஆடுதுறை ரகம் ஒரு வீட்டில், பொன்னி ஒரு வீட்டில், பாதி காய்ந்தது, பாதி ஈரம். கலந்த நெல்லுக்குத் தனியார் வியாபாரி சொல்வதுதான் விலை. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பொதுவாக 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அரசு தளர்த்தும் ஆண்டுகளும் உண்டு, அதை நம்பித் திட்டமிட முடியாது.

நாங்கள் பரிந்துரைப்பது 'மூட்டைப் பங்கு'. விவசாயி தன் நெல்லை வழக்கம்போல நிலையத்தில் போடட்டும். அதில் ஒரு மூட்டையின் பணத்தைப் பள்ளிக்குத் தருவதாக அறுப்புக்கு முன்பே பெயர் எழுதிக்கொள்ளுங்கள். 2025-26 பருவத்தில் தமிழ்நாட்டில் பொது ரகம் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய், சன்ன ரகம் 2,545. நிலையத்து மூட்டை 40 கிலோ, அதாவது 1,000 அல்லது 1,018 ரூபாய். நூறு மூட்டைக்கு ஒரு லட்சம் என்று கணக்கும் வாய்க்கு எளிது. பணம் விவசாயியின் வங்கிக் கணக்குக்கு வர ஒரு வாரம் பத்து நாள் ஆகலாம், அதற்குள் போய் வாசலில் நிற்காதீர்கள்.

காலத்தையும் சொல்லிவிடுகிறோம். மேட்டூர் திறக்கும் ஜூன் மாதமும், சம்பா நடவும் தீபாவளியும் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்து வரும் அக்டோபர், நவம்பரும் கைகடிக்கும் மாதங்கள். சம்பா அறுத்து நெல் போட்ட பிறகு, தை கடைசியிலிருந்து மாசிக்குள் வசூலை முடித்துவிடுங்கள். பங்குனி பிறந்தால் கடனடைப்பு, கல்யாணம், கோயில் திருவிழா என்று காசு வேறு வழிக்குப் போய்விடும். பொதுத் தேர்வும் தலைக்கு மேல் இருக்கும்.

எங்கள் பள்ளியில் படித்தவர்கள் பிரான்சிலும் வளைகுடாவிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள். அங்குள்ள பள்ளி ஒன்று எங்களுக்காக நிதி திரட்டித் தரத் தயார். பணத்தை எந்தக் கணக்கில் வாங்குவது?
- காரைக்காலிலிருந்தும் கூத்தாநல்லூரிலிருந்தும் வந்த இரு கடிதங்கள்

பணம் எந்த நாட்டிலிருந்து வருகிறது என்பதைவிட, அனுப்புபவரிடம் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் இருக்கிறது என்பதே முக்கியம். துபாயில் இருபது வருடமாக வேலை பார்க்கும் கூத்தாநல்லூர்க்காரர் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தால், அவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பள்ளி அறக்கட்டளையின் சாதாரணக் கணக்கிலேயே வாங்கலாம். பாஸ்போர்ட் நகலை மட்டும் வாங்கிக் கோப்பில் வையுங்கள். அதே காரைக்கால் தெருவில் பிறந்து, தமிழ் பேசி, பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருப்பவர் கொடுத்தால் அது வெளிநாட்டு நன்கொடை. ஓ.சி.ஐ. அட்டை (இந்திய வம்சாவளியைச் சேர்ந்த வெளிநாட்டுக் குடிமக்களுக்குத் தருவது) இருந்தாலும் அப்படித்தான். அவர் ஊருக்கு வந்து ரூபாயாகவே கொடுத்தாலும் அப்படித்தான். இந்த ஒரு இடத்தில்தான் நல்ல பள்ளிகள் கூடத் தடுக்கி விழுகின்றன. வெளிநாட்டுப் பள்ளி திரட்டும் பணமும் சந்தேகமில்லாமல் வெளிநாட்டு நன்கொடைதான்.

இதற்கு 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில், அதாவது எஃப்.சி.ஆர்.ஏ.வில், பதிவு வேண்டும். பதிவுக்கு எஃப்.சி.-3ஏ படிவம். அமைப்பு மூன்று வருடம் இயங்கி, அந்தக் காலத்தில் தன் பணிக்காக 15 லட்சம் செலவிட்டிருக்க வேண்டும். பதிவு ஐந்து வருடம் செல்லும். ஒரே ஒரு வேலைக்கு, ஒரே ஒரு நன்கொடையாளரிடமிருந்து மட்டும் வாங்க வேண்டுமானால் முன் அனுமதி போதும், படிவம் எஃப்.சி.-3பி. நன்கொடை தரும் பள்ளி எவ்வளவு, எதற்கு என்று உறுதிக் கடிதம் தர வேண்டும். இணைப்புப் பள்ளிகளுக்கு இரண்டாவது வழிதான் பொருந்தும் என்பது எங்கள் கருத்து. ஆண்டுக்கொரு தடவை இரண்டு லட்சம் வாங்குவதற்காக ஐந்து வருடப் பதிவைத் தூக்கிச் சுமக்க வேண்டுமா, யோசியுங்கள்.

எந்த வழியானாலும் பணம் முதலில் வந்து இறங்க வேண்டிய இடம் ஒன்றே: பாரத ஸ்டேட் வங்கியின் புதுடெல்லி முதன்மைக் கிளை, சன்சத் மார்க். அங்கே உங்கள் பெயரில் எஃப்.சி.ஆர்.ஏ. கணக்குத் தொடங்கி, பிறகு உள்ளூர்க் கிளைக்கு மாற்றிக்கொள்ளலாம். நேரே உள்ளூர்க் கணக்குக்கு வந்தால் விதிமீறல். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றவும் கூடாது, 2020 திருத்தம் அதை அடைத்துவிட்டது. ஆகவே 'பதிவு உள்ள பக்கத்துப் பள்ளி வாங்கி நமக்குத் தரட்டும்' என்பது நடக்காது. ஒவ்வொரு வருடமும் டிசம்பர் 31-க்குள் எஃப்.சி.-4 கணக்கு. ஒரு ரூபாய் கூட வராத வருடத்திலும் அதைப் போட வேண்டும்.

'கணக்கு ஆசிரியரின் ஜிபே எண்ணுக்கு அனுப்பிவிடட்டும்' என்று ஒரு கடிதத்தில் இருந்தது. அந்த ஆசிரியரை நினைத்துப் பாருங்கள். இந்தச் சட்டத்தை மீறினால் ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. அனுப்பியவர்கள் பிரான்சில் இருப்பார்கள், பதில் சொல்ல வேண்டியவர் இவர்.

பணத்துக்குப் பதில் பழைய மடிக்கணினிகளை அனுப்புகிறோம் என்பார்கள். பொருளும் நன்கொடைக் கணக்கில்தான் சேரும், பழைய கணினி இறக்குமதிக்குத் தனி அனுமதியும் தேவை. அன்போடு மறுத்துவிடுங்கள். தமிழ்நாட்டு அரசுப் பள்ளியாக இருந்தால், தமிழக அரசு 2022-ல் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்தின் வழியே போவது உத்தமம், தலைமையாசிரியர் தலையில் எதுவும் விழாது.

கப்பல் வந்துவிட்டதே, நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு நாங்களே பொருள்களை எடுத்துப் போய்க் கொடுத்துவிட்டு வரலாமா? நோட்டு, பேனா, துணி எல்லாம் திரட்டி வைத்திருக்கிறோம்.
- சாரணர் இயக்க ஆசிரியர், நாகப்பட்டினம்

2023 அக்டோபரில் தொடங்கிய அந்தச் சேவை பயணிகளுக்கானது, அதுவும் மழைக்காலத்தில் நின்றுவிடும். ஆளுக்கு இரண்டு பை கதைப் புத்தகம் கொண்டுபோனால் யாரும் கேட்கப் போவதில்லை. ஒரே மாதிரி நோட்டு 500, பேனா 1,000 என்று பெட்டி பெட்டியாகப் போனால் சுங்கத்தில் அது பயணிச் சாமான் ஆகாது, சரக்கு. தீர்வை கேட்பார்கள், அல்லது கிடங்கில் போட்டுவிடுவார்கள். கிடங்கு வாடகை நாளுக்கு நாள் ஏறும்.

முறையாக அனுப்புவதானால் மதிப்பு 5 லட்சத்துக்குள் இருக்கும் அன்பளிப்புப் பொருள்களை ஓர் உறுதிமொழியோடு அனுப்பலாம். பெட்டி வாரியாகப் பட்டியல் போடுங்கள்: பொருள், எண்ணிக்கை, ஒன்றின் விலை, மொத்தம். 'பள்ளிப் பொருள்கள்' என்று ஒரே வரியில் எழுதுவதால்தான் பெட்டியைப் பிரிக்கிறார்கள். 'இலவசம், மதிப்பு இல்லை' என்றும் எழுதக் கூடாது. விலையை உள்ளபடி எழுதி, 'அன்பளிப்பு, விற்பனைக்கல்ல' என்று சேர்த்துக்கொள்ளுங்கள். பெட்டி கிளம்புவதற்கு முன்பே எதிர்ப் பள்ளி அதிபர் வலயக் கல்விப் பணிமனை (அங்குள்ள கல்வி அலுவலகம்) வழியாக ஏற்புக் கடிதமும் தீர்வை விலக்குக்கான ஏற்பாடும் செய்துவிட்டாரா என்று கேளுங்கள். பெட்டி போய் இறங்கிய பிறகு ஆரம்பித்தால் கிடங்கு வாடகையே நோட்டின் விலையைத் தாண்டும்.

திரட்டி வைத்த துணியை என்ன செய்வது என்றால், இங்கேயே கொடுத்துவிடுங்கள். சுனாமி, கஜா இரண்டையும் பார்த்த உங்கள் மாவட்டத்துக்கு, சாலையோரம் குவிந்து நனைந்த பழந்துணி எப்படி இருக்கும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இலங்கையில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடநூலும் சீருடைத் துணியும் அரசே தருகிறது. நம் சமச்சீர் பாடநூல் அங்கே உதவாது, பாடத்திட்டம் வேறு. எதிர்ப் பள்ளியிடம் மூன்று பொருள் கேட்டு எழுதச் சொல்லுங்கள், முன்னுரிமை வரிசையில். அநேகமாகக் கதைப் புத்தகம், விளையாட்டுச் சாமான், அங்கேயே வாங்கிக்கொள்ளக் கொஞ்சம் பணம் என்று வரும். பேனாவும் நோட்டும் மட்டக்களப்புக் கடையிலேயே கிடைக்கும். இங்கிருந்து சுமந்து போகும் செலவில் அங்கே இரண்டு மடங்கு வாங்கலாம், அந்த ஊர்க் கடைக்காரருக்கும் வியாபாரம்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கே கழிப்பறைக் கதவு இல்லை. இதில் வெளிநாட்டுப் பள்ளிக்கு நன்கொடை என்று பிள்ளைகளிடம் காசு கேட்கிறார்கள். கொடுக்காவிட்டால் மதிப்பெண்ணில் கை வைப்பார்களோ என்று பயமாக இருக்கிறது.
- பெயர் வேண்டாம் என்ற பெற்றோர், வேதாரண்யம் வட்டம்

கட்டாயப்படுத்தி வாங்குவது நன்கொடையே இல்லை. வகுப்பு வாரியாக இலக்கு வைப்பது, கொடுக்காத பிள்ளைகளின் பெயரைக் கரும்பலகையில் எழுதுவது, அதிகம் கொண்டுவந்த பிள்ளைக்கு மேடையில் பரிசு தருவது எல்லாம் தவறு. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பேசுங்கள். குழுவில் பெரும்பான்மை பெற்றோர்தான், தலைவரும் பெற்றோர்தான். தீர்மானப் புத்தகத்தில் 'விருப்பமுள்ளவர் மட்டும், உறையில், பெயர் எழுதாமல்' என்று எழுத வைத்துவிட்டால் பிரச்சினை ஓய்ந்துவிடும்.

கதவு விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நாங்கள். முதலில் கதவு. ஆனால் இரண்டையும் ஒன்றுக்கொன்று எதிராக வைக்க வேண்டியதில்லை. வசூல் திட்டத்திலேயே உள்ளூர்ப் பங்கு என்று ஒரு பகுதியை ஒதுக்கி, கதவை மாட்டிய பிறகு அடுத்த வேலை என்று வரிசை வைத்தால் ஊர் கூடவே வரும்.

உண்டியல் எண்ணும்போது சச்சரவு வருகிறது. என்ன முறை?
- பொருளாளர், பட்டுக்கோட்டை

மூன்று பேர்: ஒரு ஆசிரியர், ஒரு பெற்றோர், வெளியாள் ஒருவர். உண்டியலின் வாய்க்கு அரக்கு முத்திரை, திறக்கும் முன் அதைப் படமெடுங்கள். நோட்டை ஒருவர் எண்ண, இன்னொருவர் மறுபடி எண்ண, மூன்றாமவர் எழுதட்டும். தாளை இந்த வரிசையில் கோடு போட்டு வையுங்கள்: 500, 200, 100, 50, 20, 10, நாணயம், கிழிந்தது. மூவரும் கையெழுத்திட்டு, அன்றே அல்லது மறுநாள் காலை வங்கியில் கட்டுங்கள். வீட்டில் ஒரு ராத்திரிக்கு மேல் தங்கிய பணம்தான் ஊர்ப்பேச்சுக்கு வரும். நாணயம் நிறைய இருந்தால் முன்கூட்டி வங்கியில் சொல்லிவிடுங்கள், நூறு நூறாகப் பையில் கட்டிக்கொண்டு போனால் காசாளர் முகம் சுளிக்க மாட்டார்.

ரசீதுப் புத்தகம் எண் அச்சிட்டதாக, கார்பன் வைத்து இரண்டு படியாக இருக்கட்டும். யாரிடம் எந்த எண் முதல் எந்த எண் வரை கொடுத்தீர்கள் என்று எழுதி, தீராத புத்தகத்தையும் திரும்ப வாங்குங்கள். தப்பாக எழுதிய ரசீதைக் கிழித்துப் போடாமல் குறுக்குக் கோடு போட்டுப் புத்தகத்திலேயே விடுங்கள். தணிக்கைக்கு வருபவர் முதலில் தேடுவது காணாமல் போன எண்ணைத்தான்.